தொடங்கிய இடத்திலேயே முடியும்

செல்லம்மா கேட்டது ஒரே ஒரு டியூப்லைட். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தம்மா பெரிசாக எதையோ கேட்டுத் தொலைத்திருக்கும், அதனால்தான் இப்படி ஆயிற்று" என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்கள். நம் ஆட்கள் அப்படித்தான்.

நெடுங்குன்றத்தைத் தாண்டி உள்ளே போனால் செம்மண்குப்பம். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால்கூட, "அது எங்க இருக்கு?" என்பார்கள். அங்கேதான் செல்லம்மாவின் வீடு. வீட்டுக்குப் பின்னால் பாறையடிக் குன்று, குன்றின் மேல் காப்புக்காடு. குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பதினோரு வருஷமாக அவள் அங்கே பெருக்கித் துடைக்கிறாள். காலை எட்டேகால் மணி அடிப்பதற்குள் பதினாலு வகுப்பறையும் பளிச்சென்று இருந்தாக வேண்டும். சாலை வழியாகப் போனால் தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து வண்டலூருக்கு ஒரு பஸ், இறங்கி மறுபடி ஒரு பஸ். எல்லாம் கூடிவந்தால் ஒன்றரை மணி நேரம். கூடிவராத நாள்தான் அதிகம். குன்றில் ஏறி, காட்டுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் இறங்கினால் நாற்பதே நிமிஷம்.

மகள் சினேகாவும் கூடவே வருவாள். அதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. வேலை போனால் பிள்ளையின் இடமும் போகும். கணவன் செத்து ஆறு வருஷம் ஆன பிறகும் செல்லம்மா நிமிர்ந்து நடந்தது இந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான். அம்மா பெருக்கி முடிக்கும்வரை மகள் காலி வகுப்பில் உட்கார்ந்து படிப்பாள். "நான் வேணா ரெண்டு ரூம் பெருக்கட்டுமாம்மா?" என்று எப்போதோ ஒரு நாள் கேட்டுவிட்டாள். செல்லம்மாவுக்கு வந்ததே கோபம்! "வாய மூடிக்கினு படி. தொடப்பம் புடிக்கிறது என்னோட போவட்டும்" என்றாள். வீட்டில்கூட மகள் கையில் துடைப்பத்தைக் கொடுக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் துடைப்பம் மூன்றாம் நாளே மொட்டையாகிவிடும் என்பதால், சொந்தமாக ஒரு தென்னந்துடைப்பத்தைப் பேப்பரில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவாள்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பக்கம் இறங்கும் இடத்தில், பாறை மறைவில், குடிகாரர்கள் தொல்லை. கார்த்திகை, மார்கழியில் விடியவும் நேரமாகும். உடைந்த பாட்டிலில் சினேகா ஒரு நாள் காலை வைத்துவிட்டாள். நாலு தையல். உடனே செல்லம்மா திங்கட்கிழமை மனு கொடுக்கும் இடத்துக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், "எதுக்கும்மா லைட்டு?" என்று கேட்டாள்.

"நடக்கிற வழிக்கும்மா."

அந்தப் பெண் திரையில் தேடினாள். 'தெருவிளக்கு' என்று தட்டினால் கம்ப்யூட்டர் தெருவின் பெயரைக் கேட்டது. குன்றுக்கு ஏது தெரு? 'நடை' என்று தட்டியதும் ஒரே ஒரு பெயர் வந்தது. 'புறநகர் நடைநலக் குழுமம்.' அந்தப் பெண் அதைத் தட்டி ஒரு ரசீது கொடுத்தாள். செல்லம்மா அதை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

புறநகர் நடைநலக் குழுமத்துக்கு அதுவரை ஒரு மனுவும் வந்ததில்லை. மூன்று வருஷமாக அங்கே பதினேழு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு, மக்களிடமிருந்து ஒரு கோரிக்கை வராதா என்று காத்துக்கிடந்தார்கள். செல்லம்மாவின் மனு வந்த அன்று அங்கே கேசரி கிண்டினார்களாம்.

இரண்டு வாரத்தில் ஜீப் வந்தது. முதலில் இறங்கியவர் திட்ட ஒருங்கிணைப்பாளர் அரிகிருஷ்ணன். கழுத்தில் விசில், தலையில் காதுவரை மூடுகிற தொப்பி, இரண்டு கையிலும் பனிமலை ஏறுகிறவர்கள் ஊன்றுகிற மாதிரி இரண்டு தடி. பின்னாலேயே பொறியாளர் தீபா, ஒரு டேப்லெட்டுடன். சின்னப் பெண்தான். வெயிலில் முகம் சுண்டிப்போயிருந்தது.

"நீங்கதான் செல்லம்மாவா? கங்கிராஜுலேஷன்ஸ்" என்றார் அரிகிருஷ்ணன். "உங்க மனுவ ஹெட் ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோயிட்டோம். இந்த மலைக்கு ஒரு மிதமான சுற்றுவட்ட இயற்கை நடை சாங்ஷன் ஆகியிருக்கு."

"லைட்டு, சார்?"

"லைட் எல்லாம் அதுல ஒரு காம்பொனென்ட்மா. வாங்க, வழியக் காட்டுங்க."

லைட்டும் உண்டு என்று சொல்லிவிட்டாரே. செல்லம்மா சந்தோஷமாக முன்னால் நடந்தாள். மேலே ஏறும் இடம், வழுக்குப் பாறை, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் குழி, காரைமுள் அடர்ந்த வளைவு, மான் குறுக்கே ஓடும் இடம் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் காட்டினாள். காலால் வகுத்த வழி அது. அவள் காலும், அவள் மாமியார் காலும், அதற்கு முன்னால் இருந்தவர்கள் காலும். தீபா எல்லாவற்றையும் டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள்.

குழுமத்திடம் ஒரு படிவம் இருந்தது. ஏதோ குளிர்நாட்டு நடைவழிகாட்டியிலிருந்து இறக்கி, அப்படியே தமிழில் பெயர்த்திருந்தார்கள். பாறையடிக் குன்றில் நின்றுகொண்டு அரிகிருஷ்ணன் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார்.

"வழியில் செம்மறி ஆடுகள் உண்டா?"

அந்த நேரம் பார்த்து ஊர்க்காரி கிளியம்மாள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளாடு கீது சார்" என்றாள் செல்லம்மா.

"செம்மறின்னுதான் ஃபார்ம்ல போட்டிருக்கு. நோட் பண்ணுங்க தீபா. ஆட்ட மாத்தச் சொல்லி அந்தம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துடலாம்." அடுத்த கேள்விக்குப் போனார். "நடையின் முடிவில் பீர் அருந்தும் விடுதி உண்டா?"

தீபா தலையைச் சொறிந்தாள். அதற்குள் அந்தப் பக்கத்து இறக்கம் வந்துவிட்டது. பாறை மறைவில் இருபது, முப்பது காலி பாட்டில்.

"உண்டு" என்று எழுதிக்கொண்டார் அரிகிருஷ்ணன்.

"இங்கதான் சார் பேஜாரு" என்றாள் செல்லம்மா. "குடிகாரப் பசங்க இந்தாண்டதான் ஏறி வர்றானுங்க. என் பொண்ணு கால அறுத்துக்கினா. இங்க ஒரு லைட்டு போட்டீங்கன்னா போதும் சார், புண்ணியமா போவும்."

"கண்டிப்பா. ரெக்கார்ட் பண்ணிக்குங்க தீபா. மேற்கு முனை வழியாக அந்நியர் நுழைவதைத் தடுக்கப் பயனாளி கோரினார்."

செல்லம்மாவுக்கு அந்தத் தமிழ் சரியாகப் பிடிபடவில்லை. ஆபீஸ்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டாள். கீழே தெரிந்த பள்ளிக்கூடத்தைக் காட்டி, "அதுதான் சார் நான் வேல செய்யிற இஸ்கூலு" என்றாள். அரிகிருஷ்ணன் அதைப் போட்டோ எடுத்து, படத்தின் கீழே 'மேற்கு முனையிலிருந்து ரம்மியமான காட்சி' என்று எழுதச் சொன்னார்.

அடுத்து ஒரு பெரிய சங்கடம் முளைத்தது. நடை 'மிதம்' என்று நிரூபிக்க வேண்டும். சுலபமான நடை என்றால் பூங்காப் பிரிவுக்குப் போய்விடுமாம், கடினமான நடை என்றால் சாகசப் பிரிவுக்கு. இரண்டுமே வேறு கட்டிடத்தில் இருக்கின்றன. திட்டம் கைவிட்டுப் போவதை அரிகிருஷ்ணனால் தாங்க முடியுமா? சராசரி நடையாளர் ஒருவரை நடக்கவிட்டு அளப்பது என்று தீர்மானமாயிற்று. சராசரியாக அந்த வட்டாரத்தில் கிடைத்தவள் செல்லம்மாதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி ஏறச் சொன்னார்கள். அவள் துடைப்பமும் டிபன் பாக்ஸும் இல்லாமல் வெறுங்கையோடு நடந்ததால் முப்பத்தைந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் போய்விட்டாள். மூச்சு வாங்கவில்லை. வியர்க்கவும் இல்லை. கருவியைப் பார்த்த அரிகிருஷ்ணன் முகம் கறுத்துவிட்டது.

"என்னம்மா இது, வாக்கிங் போற மாதிரி போயிட்டீங்க?"

"நடக்கச் சொன்னீங்களே சார்?"

"கொஞ்சம் கஷ்டப்பட்டு நடக்கக்கூடாதா?"

பின்பு அவரே நடந்து பார்த்தார். இரண்டு தடியையும் ஊன்றிக்கொண்டு மூன்று மணி நேரம் பத்து நிமிஷம். வழுக்குப் பாறையில் உட்கார்ந்து, "ஜீப் இங்க வராதா?" என்று நாலு தரம் கேட்டார். கருவியின்படி அது அதிகடினமான நடை. கடைசியில் தீபாதான் செல்லம்மாவின் கணக்கையும் அவர் கணக்கையும் கூட்டி இரண்டால் வகுத்தாள். கனகச்சிதமாக மிதம். அரிகிருஷ்ணன் அவளுக்கு அங்கேயே கைகொடுத்தார்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நடந்தது. உள்ளே நுழையும்போதே ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். எல்லோரும் சமோசாவுக்குத்தான் கையெழுத்து என்று நினைத்துப் போட்டார்கள். செல்லம்மாவும் போட்டாள். சினேகாவுக்கு என்று இன்னொரு சமோசா கேட்டு, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.

திரையில் படம் காட்டினார்கள். குன்றின் மேல் பச்சைக் கோடு ஒன்று வட்டமாக வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. செம்மண்குப்பத்துப் பக்கம் ஒரு வாசல். அது ஒன்றுதான் வாசல். செல்லம்மா எழுந்து நின்றாள்.

"சார், அந்தாண்ட எறங்குற வழிய காணோமே?"

அரிகிருஷ்ணன் கருணையோடு சிரித்தார். "அம்மா, இது சுற்றுவட்ட நடை. வட்டத்துக்கு அந்தாண்டன்னு ஒண்ணு கிடையாது. எங்க தொடங்குதோ அங்கயே முடியணும். அதுதான் இதோட பியூட்டி."

"நான் அந்தாண்ட வேலைக்குப் போவணுமே சார்?"

"தாராளமா போங்க. ரோடு இருக்கே. இது போறதுக்கான பாதை இல்லம்மா. நடக்கிறதுக்கான பாதை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்தார்களா, அவரைப் பார்த்தா என்று செல்லம்மாவுக்குத் தெரியவில்லை. "சார், நான் லைட்டுதான் கேட்டேன். நீங்க இன்னா எய்திக்கினு கீறீங்க?" என்று கேட்டாள். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். மறுநாள் குழுமத்தின் பலகையில் ஒட்டியிருந்தது: 'கூட்டத்துக்கு வந்த எண்பத்தி நாலு பேரும் திட்டத்துக்கு எழுத்துப்பூர்வமாகச் சம்மதம். ஒருவர் இரண்டு முறை சம்மதம்.'

வேலி போட இரண்டு மாதம் ஆயிற்று. ஆறடி உயரம், பச்சைக் கம்பிவலை. குன்றை அப்படியே ஒரு கோழிக்கூண்டு மாதிரி ஆக்கிவிட்டார்கள். செம்மறி கிடைக்காத கிளியம்மாளின் வெள்ளாடுகள் வெளியே நின்று கத்தின. ஒவ்வொரு சீமைக்கருவேலத்துக்கும் பெயர்ப்பலகை வந்தது. நடையில் மூன்றில் ஒரு பங்கு நிழல் இருக்க வேண்டும் என்று படிவம் சொன்னதாம். அதற்காக இருந்த மரங்களில் பத்தை வெட்டி, அங்கே தகரக்கூரை போட்டார்கள்.

திறப்புவிழாவில் அரிகிருஷ்ணன் பேசியது செல்லம்மாவுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அன்று அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், பயனாளி என்று சட்டையில் குத்துகிற அட்டை ஒன்றையும் புடவையில் குத்திவிட்டிருந்தார்கள்.

"பெரியோர்களே! இந்த மலையில் இதற்கு முன் யாருமே நடந்ததில்லை. நடந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போனார்கள், விறகுக்குப் போனார்கள், பிள்ளையைக் கூப்பிடப் போனார்கள். அது நடையே அல்ல! எங்கும் போகாமல் நடப்பதுதான் நடை. ஒரு நாட்டின் நாகரிகம் அதன் மக்கள் எவ்வளவு தூரம் நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள் என்பதில் இருக்கிறது. எங்கள் குழுமம் நடந்து வந்த பாதையும் அதுதான் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் சத்தியம்.

அன்று மாலை செல்லம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சினேகா படித்துக் காட்டினாள். 'தங்கள் மனு முழுமையாகத் தீர்க்கப்பட்டது. நன்றி.'

மறுநாளிலிருந்து பஸ். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பியும், ஆள் நிறைந்தால்தான் எடுப்பேன் என்றான் ஷேர் ஆட்டோக்காரன். தாம்பரத்தில் பாலம் வேலை, வண்டலூரில் பள்ளம். முதல் நாள் எட்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் குப்பையின் மேல் நின்று பிரேயர் பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் எட்டரை. தலைமையாசிரியை கிறிஸ்டினா கெட்டவரில்லை. மூன்றாம் முறை தாமதமானபோது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"செல்லம்மா, எனக்கு உன்னைத் தெரியும். ஆனா பேரண்ட்ஸ் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. நாளையிலேருந்து பெல் அடிக்கும்போது கிளாஸ் கிளீனா இருக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் போடச் சொல்லி மேனேஜ்மென்ட் சொல்லுது."

"பொண்ணுக்குப் பரீட்சைக்கு நாலு மாசந்தான் மேடம் கீது."

"தெரியும்மா. அதனாலதான் ஒரு சான்ஸ் கேட்டு வாங்கியிருக்கேன்."

செல்லம்மா நேரே குழுமத்து ஆபீசுக்குப் போனாள். அரிகிருஷ்ணன் அவள் ஃபைலை எடுத்து வைத்தார். முதல் பக்கத்தில் அவள் மனு. இரண்டாம் பக்கத்தில், மேற்கு முனையை அடைக்க அவள் கோரியது. மூன்றாம் பக்கத்தில் அவளுடைய இரண்டு கையெழுத்து.

"வேலி நீங்க கேட்டது, லைட்டும் நீங்க கேட்டது. இப்ப வேலியில வழி வேணும்னா, அப்ப இது சுற்றுவட்ட நடை இல்லம்மா. நேர்கோட்டு நடை. அதுக்கு நாங்க டிபார்ட்மென்டே இல்ல."

"யார் சார் டிபார்ட்மென்ட்டு?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "அப்படி ஒண்ணு இன்னும் ஆரம்பிக்கல" என்றார்.

இரவெல்லாம் தூக்கமில்லாமல் யோசித்து, மறுநாள் காலை குன்றின் வாசலுக்கே போவது என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள். வேலியில் ஒரு நாய் நுழையும் சந்து கூடவா இருக்காது என்று செல்லம்மா நினைத்தாள். வாசல் ஆறரைக்குத் திறந்தது. உள்ளே காவலாளி பென்னி. அதே ஊர்ப் பையன், அனகாபுத்தூரில் தறி வேலை போய் சும்மா இருந்தவன். இந்த நடையால் ஊரில் வேலை கிடைத்த ஒரே ஆள்.

"வாக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். நோட்டைத் திறந்தான். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தகர டோக்கன் கொடுத்தான். "வர்றதுக்கு நோக்கம் இன்னான்னு போடணும்க்கா."

"இன்னாடா நோக்கம்? வேலைக்குப் போறேன்னு போடு."

"அப்படி இல்லக்கா. உடல்நலம், பொழுதுபோக்கு, ரெண்டுதான் கீது."

பென்னியே இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு என்று எழுதினான். பத்து நிமிஷம் கையை மேலே தூக்கிக் கீழே இறக்கி உடற்பயிற்சி செய்தால்தான் உள்ளே விடலாமாம். மேலே கேமரா இருந்தது. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, செல்லம்மா கையைத் தூக்கினாள், இறக்கினாள். சினேகா யூனிஃபார்மில் பக்கத்தில் நின்று செய்தாள். "ஒன்வேக்கா. திரும்பி வரக்கூடாது, சுத்தித்தான் வரணும்" என்று பின்னாலிருந்து கத்தினான் பென்னி.

மேற்கு முனைக்கு வந்தபோது ஏழு பத்து. வேலியில் ஒரு சந்தும் இல்லை. அரசாங்கப் பணத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை நடந்து செல்லம்மா பார்த்ததே கிடையாது. இறங்கும் வழி வேலிக்கு அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. கீழே பள்ளிக்கூடம். வேலியை ஒட்டி ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு டியூப்லைட். அவள் கேட்ட லைட்தான். நல்ல வெயிலில் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் அப்படியே கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடி. எல்லாம் போச்சு. நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சினேகா கம்பத்தைப் பார்த்தாள். இடுப்புயரத்தில் மின்சாரப் பெட்டி ஒன்று, அதற்குமேல் எழுதி மாட்டிய பலகை ஒன்று. 'மிதமான சரிவு. கவனம்.' பையை வேலிக்கு மேலே வீசினாள். அம்மாவின் அக்குளிலிருந்து துடைப்பத்தை உருவினாள். அதையும் வீசினாள்.

"இன்னாடி பண்ற?"

"நீ ஏற முடியாதும்மா. முட்டி வலி. நான் போய்ப் பெருக்கிட்றேன்."

"வேணாண்டி! சினேகா, வேணாம்னு சொல்றேன்ல!"

பெட்டியில் ஒரு கால், பலகையில் ஒரு கால். கம்பி உச்சியில் பேன்ட் கிழிகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவள் அந்தப் பக்கம் இருந்தாள். துடைப்பத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். அம்மா இடுக்கிக்கொள்வாளே, அச்சு அசல் அதே மாதிரி. அதைப் பார்த்ததும் செல்லம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுவதற்கு அங்கே தடை இல்லை, பலகையில் எழுத மறந்திருந்தார்கள்.

சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பென்னி அவள் டோக்கனை வாங்கிக்கொண்டு பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பாப்பா எங்கக்கா?"

"போய்ட்டா."

"எங்க போச்சு? உள்ள ரெண்டு பேர் போனீங்க. கேமராவுல ரெண்டுன்னு விழுந்துட்ச்சி. வெளிய ஒண்ணுன்னா என் வேல போய்டும்க்கா. கூட வந்தவங்க வர்ற வரைக்கும் உன்ன வுடக்கூடாதுன்னு ரூல்ஸ்." நோட்டைத் திருப்பிக் காட்டினான். "மாசம் ஒண்ணுதான்க்கா ஆவுது எனக்கு வேல கெடைச்சு."

அவனோடு என்ன சண்டை போடுவது? செல்லம்மா வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்தாள். குன்றுக்கு அந்தப் பக்கமிருந்து காற்றில் பள்ளிக்கூட மணி கேட்டது. எட்டேகால். பதினாலு அறை, ஒரு மணி நேரம். முடித்திருப்பாளா? கூடப் படிக்கும் பிள்ளைகள் பார்த்திருக்குமா? பார்த்துச் சிரித்திருக்குமா? ஒவ்வொரு மணிக்கும் அவள் எழுந்து நிற்பதும், பிறகு உட்காருவதுமாக இருந்தாள். மத்தியானம் பென்னி தன் சோற்றில் பாதியைக் கொடுத்தான். அவள் அதைத் தொடாமல் பெஞ்சில் வைத்தாள்.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. அரிகிருஷ்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர வந்தார். "காலையிலேருந்து இங்கயேவா இருக்கீங்க? தீபா, இதப் பாருங்க! ஒரு விசிட்டர் எட்டரை மணி நேரம்! இயற்கையோட எப்படி ஒன்றிப்போயிட்டாங்க பாருங்க." செல்லம்மாவைப் பெஞ்சோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். தீபா மட்டும் அவள் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஐந்தே காலுக்கு சினேகா, அந்தப் பக்கத்துப் பாறையில் ஏறி வேலி தாண்டி, வட்டம் முடித்து இறங்கி வந்தாள். தலைமுடியெல்லாம் சாக்பீஸ் தூள். கிழிந்த பேன்ட்டை ஒரு பின் போட்டுச் சேர்த்திருந்தாள். செல்லம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"எல்லா ரூமும் பெருக்கிட்டேம்மா. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே. கிறிஸ்டினா மேடம் பார்த்தாங்க. திட்டல. யார் பெருக்கினா என்ன, கிளீனா இருந்தா சரின்னாங்க." கையை இழுத்துக்கொண்டு, "நாளைக்கு நீ வர வேணாம். நானே வந்துட்டுப் போறேன்" என்றாள்.

பென்னி தொண்டையைச் செருமினான். "பொண்ணுங்க தனியா வரக்கூடாது பாப்பா. கூட ஒரு ஆள் வரணும்."

அந்த மாதக் கடைசியில் குழுமம் ஒரு அறிக்கை வெளியிட்டது. பாறையடிக் குன்றுக்குத் தினமும் இரண்டு நிரந்தர நடையாளர்கள். சராசரியாக ஒருவர் பத்தரை மணி நேரம் தங்குகிறார். இதே மாதிரி இன்னும் ஒன்பது குன்றுக்கு வேலி போட உத்தரவாயிற்று.

அதெல்லாம் பிறகு. மறுநாள் காலையில் வாசல் திறந்ததும் தாயும் மகளும் போனார்கள். கையைத் தூக்கி இறக்கினார்கள். நோக்கம் என்ன என்று பென்னி கேட்கவில்லை, அவனே எழுதிக்கொண்டான். மேற்கு முனையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. சினேகா பையை வீசிவிட்டு, கம்பத்தில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். இன்று அவள் துடைப்பத்தை உருவவில்லை. பாறையில் ஏறி நின்று, வேலிக்கு மேலே கையை நீட்டி, "குடும்மா, நேரமாகுது" என்றாள்.

கொப்புளத்தின் மேல் கைக்குட்டை கட்டிய கை. செல்லம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பேப்பரை அவிழ்த்து, தன் புடவையிலிருந்து கிழித்துவைத்திருந்த துணியைப் பிடியில் இறுக்கிச் சுற்றி, துடைப்பத்தைத் தன் கையாலேயே மகள் கையில் கொடுத்தாள். திரும்பி நடக்கக் கூடாது என்பது விதி. எனவே நேரே நடந்தாள்.